இரண்டாவது ஆல்பங்களை விரும்பியவர்

ஜமால் பாய் இறந்துபோன செய்தி எனக்கு ஆஸ்பத்திரி மருந்தகத்தின் தொலைபேசியில் வந்தது. நோன்பு தொடங்கிய வாரம் அது. காலை வேலையைத் தொடங்கி, மேல் மாடிக்கு அனுப்ப வேண்டிய மருந்துகளைப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தேன். அவருடைய மகள் நிலோஃபர் பேசினாள். "ஆன்ட்டி, வாப்பா இஸ் நோ மோர்" என்றாள். என் வாயிலிருந்து முதலில் வந்த கேள்வி, "யாரும்மா செஞ்சாங்க?" என்பதுதான்.  அவள், "நோ ஆன்ட்டி, இட் வாஸ் ஹிஸ் ஹார்ட்" என்றாள். விடியுமுன் சஹர் சாப்பிட்டுத் தொழுதுவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லையாம். நான் என்னையறியாமல் "அப்பாடா" என்று சொல்லிவிட்டேன். சாவுச் செய்திக்கு அப்பாடா என்று சொல்லும்படி இந்த இலையுதிர் காலம் இருந்தது என்பதை ஹூஸ்டனில் இருக்கும் உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

போன சனிக்கிழமை ஹில்கிராஃப்ட் தெருவில் ஒரு ஓட்டலின் பின்னறையில் அவருக்கு இரங்கல் கூட்டம் நடந்தது. உங்களில் பலரும் வந்திருந்தீர்கள். பேசிய எல்லாரும் ஒரே வார்த்தையைப் பிடித்துக்கொண்டீர்கள். பயமறியாதவர். ஒருவர் சிங்கம் என்றுகூடச் சொன்னார். அன்போடுதான் சொன்னீர்கள், தெரிகிறது. ஆனால் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் ஊரறிந்த பயந்தாங்கொள்ளி. ஃப்ரீவேயில் வலதுபக்க லேனை விட்டு நகராமலே சுகர் லேண்டிலிருந்து வேலைக்குப் போய் வருபவள். பயந்தவரைப் பார்த்தால் எனக்குத் தெரியும். கூட்டத்தில் எழுந்து பேசத் தைரியமில்லாததால் இங்கே எழுதுகிறேன்.

அவரை மசூதியிலோ அலுவலகத்திலோ மட்டும் பார்த்தவர்களுக்கு இந்தப் பக்கம் தெரிந்திருக்காது. காயல்பட்டினத்துக்காரர். எண்ணெய்க் குழாய் போடும் கம்பெனியில் இன்ஜினியர். ஹூஸ்டனுக்கு வருமுன் சில வருஷம் ஸ்காட்லாந்தில், அபர்டீனில் வேலை பார்த்தார். அங்கே குளிருக்கு ஒதுங்க ஒரு இசைத்தட்டுக் கடைக்குள் நுழைந்திருக்கிறார். கடைக்காரர் ஈவன் என்பவர், விரட்டாமல் காதில் ஹெட்போனை மாட்டிவிட்டார். பெரிய கம்பெனிகள் சீண்டாத சின்னச் சின்ன ஸ்காட்லாந்து இசைக்குழுக்கள், தாங்களே பாட்டு எழுதி, யாரோ ஒருவர் வீட்டுச் சமையலறையில் ஒத்திகை பார்த்து வெளியிடும் ஆல்பங்கள். அதில் விழுந்தவர் எழுந்திருக்கவே இல்லை. "அவங்க ஊர்ல வெயிலே கிடையாது தங்கச்சி. வெளிய போக முடியாம நாலு பேரு வீட்டுக்குள்ள உட்கார்ந்தா பேண்ட் ஆரம்பிச்சிடறாங்க" என்பார்.

இந்த ஊர் மக்கள் தாங்களே காசு போட்டு நடத்தும் சின்ன எஃப்.எம். நிலையத்தில் ஞாயிறு மத்தியானம் தமிழ் நேரம் என்னுடையது. அடுத்த ஒரு மணி நேரம் அவருடையது, ஸ்காட்லாந்துப் புது ஆல்பங்கள். நான் முதன்முதலாக மைக் முன் உட்கார்ந்த அன்று பேர்லேண்ட் கோயில் அன்னதான அறிவிப்பை வாசிக்கும்போது கை நடுங்கி, காகிதம் படபடத்தது. தன் முறைக்காக வெளியே காத்திருந்த ஒரு மனிதர், நான் பாட்டைப் போட்டதும் கதவைத் திறந்து தலையை நீட்டினார். "பயம் இருந்தா இருக்கட்டும். பேப்பரை மட்டும் மேசையில வச்சிடுங்க. பேப்பர் சத்தம்தான் வெளிய கேக்குது, பயம் கேக்கல." அவர் என்னிடம் பேசிய முதல் பேச்சு அது.

அவருடைய நிகழ்ச்சிக்கு ஒரு வழக்கம் உண்டு. ஈவன் அனுப்பும் புது ஆல்பத்தை அவர் முன்கூட்டிக் கேட்கவே மாட்டார். பார்சலை மைக்குக்கு முன்னால் வைத்துப் பிரிப்பார். டேப் கிழிவது, காகிதம் கசங்குவது, பிளாஸ்டிக் உறை உரிவது எல்லாம் ரேடியோவில் கேட்கும். பிறகு, "நான் ஜமாலுத்தீன். இதை நானும் இன்னும் கேட்கவில்லை. சேர்ந்து கேட்போம்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு ஆல்பத்தை முதலிலிருந்து ஓடவிடுவார். பார்சலில் ஈவன் எப்போதும் ஒரு பொட்டலம் வெண்ணெய் பிஸ்கட்டும் வைத்திருப்பார், மேலே சர்க்கரை தூவியது. பாட்டு ஓடும்போது நிலையத்தில் இருக்கும் எல்லாருக்கும் ஆளுக்கொன்று கிடைக்கும். பிஸ்கட்டுக்காக இருந்து பாட்டையும் கேட்டவள் நான். கிட்டாரை யாரோ ஏதோ யோசனையில் வாசிப்பதுபோல் இருக்கும், பாடுகிறவர் தூக்கம் கலையாமல் பாடுவார். "எல்லாம் ஒண்ணு மாதிரியே இருக்கே பாய்" என்று சீண்டினால் சிரிப்பார். ஒருநாள் மட்டும் பதில் சொன்னார். "முதல் ஆல்பத்துல எல்லாருக்கும் தைரியம் இருக்கும் தங்கச்சி. யாருக்கும் அவங்களைத் தெரியாதே, என்ன பயம்? ரெண்டாவது ஆல்பத்துலதான் நாலு பேரு பாக்கறாங்கன்னு நடுக்கம் வரும். அந்த நடுக்கத்தோட பாடறான் பாருங்க, அதான் எனக்குப் பிடிக்கும்."

நியூயார்க்கில் கோபுரங்கள் விழுந்த செப்டம்பருக்குப் பிறகு நிலையத்துக்கு வரும் தொலைபேசி அழைப்புகள் மாறின. முன்பெல்லாம் அவரைக் கூப்பிடுவது, ஸ்காட்லாந்தின் டண்டீயிலிருந்து வந்து இங்கே நர்ஸாக இருக்கும் ஒரு பெண்ணும், ஒன்றிரண்டு கல்லூரிப் பையன்களும்தான். இப்போது பெயர் சொல்லாத ஆண்கள் பேசினார்கள். நிலையத்தை நடத்தும் டெப்ரா, அந்த அழைப்புகளை அவருக்குக் கொடுக்காமல் தானே கேட்டுவிட்டு வைப்பாள். வைத்த பிறகு அவள் முகம் வெளுத்திருக்கும். ரேடியோவில் ஜே என்று சொல்லிக்கொள்ளலாமே, கொஞ்ச நாளைக்குத்தானே என்று அவள் அவரிடம் கேட்டாள். நல்ல மனசோடுதான் கேட்டாள். நானும் கேட்டேன். அந்த நாட்களில் நானே வழக்கத்தைவிடப் பெரிய பொட்டாக வைத்துக்கொண்டுதான் கடைக்குப் போனேன். நம் ஆட்கள் பலர் வீட்டு வாசலிலும் காரிலும் அமெரிக்கக் கொடி கட்டியிருந்தார்கள். அவரும் கட்டியிருந்தார், கொஞ்சம் பெரிதாகவே. ஆனால் பெயர் விஷயத்தில், "ஜேன்னா எங்க உம்மாவுக்கு யாருன்னு தெரியாதே" என்று சிரித்து மழுப்பிவிட்டார்.

அக்டோபரில் தபாலில் வெள்ளைப் பொடி வைத்து யாரோ அனுப்புவதாகவும் ஆட்கள் சாவதாகவும் டிவியில் காட்டத் தொடங்கினார்கள். எங்கள் மருந்தகத்தில் தொலைபேசி ஓயவில்லை. மின்சாரக் கட்டண உறையைக்கூட நான் கையுறை போட்டுத்தான் பிரித்தேன். அந்தச் சமயத்தில் ஈவனின் பார்சல் வந்தது. வெளிநாட்டுத் தபால்தலை, கையால் எழுதிய முகவரி, மேலே பெரிய எழுத்தில் ஜமாலுத்தீன் என்ற பெயர். நான் ஞாயிற்றுக்கிழமை போனபோது அது முன் மேசையில் இருந்தது. டெப்ரா அதன்மேல் ஒரு குப்பைக்கூடையைக் கவிழ்த்து வைத்திருந்தாள். சிரிப்பு வர வேண்டிய காட்சி. ஒருவரும் சிரிக்கவில்லை, எல்லாரும் அந்த மேசையைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

ஜமால் பாய் வந்தார். கூடையை எடுத்தார். பார்சலை எடுத்துக்கொண்டு ஸ்டுடியோவுக்குள் வந்தார். நான் என் நேரத்தை முடித்துக் கடைசிப் பாட்டை ஓடவிட்டிருந்தேன்.

"பாய், இன்னிக்கு ஒரு நாள் பழைய சி.டி. ஏதாவது ப்ளே பண்ணுங்க. இதை வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிடுங்க" என்றேன்.

"பார்சல் சத்தம் இல்லாம ஆரம்பிச்சா கேக்கறவங்களுக்குத் தெரிஞ்சுடும்."

"என்ன தெரியும்?"

"என் பேருக்கு வந்த பார்சலைப் பாத்து நானே பயப்படறேன்னு."

"பயப்படறீங்களா?"

"பின்ன?" என்றார். அவருடைய மேலுதட்டில் வேர்வை இருந்தது.

அவரைத் தனியே விட்டுப்போக எனக்கு மனசு வரவில்லை. உண்மையைச் சொன்னால் எழுந்து போகக் காலும் வரவில்லை. அங்கேயே இன்னொரு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். ஒலிபரப்பின் சிவப்பு விளக்கு எரிந்தது. அவர் டேப்பைக் கிழித்தார். காகிதத்தை விரித்தார். சி.டி.யை இழுத்ததும் கூடவே வெள்ளையாகப் பொடி கொட்டியது. மேசையில், மைக்கின் கம்பியில், அவருடைய கறுப்புக் கால்சட்டையில்.

ஈவன் பிஸ்கட் வைப்பார் என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். வருஷக்கணக்காகத் தின்றிருக்கிறோம். அந்த நிமிஷத்தில் ஒருவருக்கும் அது நினைவு வரவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டெப்ரா வாயைப் பொத்திக்கொண்டு கதவுவரை பின்னால் போனாள். நான் மூச்சை அடக்கிக்கொண்டேன். மூச்சு விட்டால் பொடி பறக்கும் என்று நினைத்தேன். அவர் அசையவில்லை. ரேடியோவில் ஒன்றுமே கேட்கவில்லை. மௌனம் என்பது ரேடியோக்காரர்கள் செய்யவே கூடாத காரியம். தொலைபேசியின் விளக்குகள் ஒன்றொன்றாக மின்னத் தொடங்கின.

அவர் காகிதத்துக்குள் இரண்டு விரலை விட்டார். உடைந்த பிஸ்கட் பொட்டலம் ஒன்று வெளியே வந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டே மைக்கிடம் குனிந்தார். அன்று அவர் ஆங்கிலத்தில் பேசியதை எனக்கு நினைவிருக்கும் அளவில் தமிழில் தருகிறேன்.

"நான் ஜமாலுத்தீன். கொஞ்ச நேரம் சத்தமே வராமல் போனதற்கு மன்னியுங்கள். பார்சலில் பிஸ்கட் உடைந்து சர்க்கரை கொட்டியிருக்கிறது. சர்க்கரை என்றுதான் நினைக்கிறேன். இந்த அறையில் இரண்டு பேர் ரொம்பப் பயந்துபோய் உட்கார்ந்திருக்கிறோம். டேம்ப் ஓவர்கோட்ஸ் குழுவின் இரண்டாவது ஆல்பம் வந்திருக்கிறது. இதை நானும் இன்னும் கேட்கவில்லை. சேர்ந்து கேட்போம்."

அதற்குமேல் அவரால் முடியவில்லை. பிளாஸ்டிக் உறையை உரிக்கப் பார்த்தார், விரல் நிற்கவில்லை. நான் வாங்கி நகத்தால் கீறி உரித்துக் கொடுத்தேன். சி.டி.யைப் போட்டு, மைக்கை அணைத்துவிட்டு, இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். மேசையைத் துடைக்க இருவருக்கும் துணிச்சல் இல்லை. ஆல்பம் முழுவதையும் அப்படியே கேட்டோம். ஒரு பெண் தனக்குள் பேசிக்கொள்வதுபோல் பாடினாள், பின்னால் யாரோ தயங்கித் தயங்கி டிரம்பெட் ஊதினார்கள். முதன்முறையாக அந்த இசை எனக்குப் புரிந்தது. எட்டாவது பாட்டோ ஒன்பதாவது பாட்டோ ஓடும்போது ஜன்னலோரம் ஓர் எறும்பு வந்தது. பின்னாலேயே வரிசை வந்தது. நேராகப் பொடிக்குப் போய்த் தின்ன ஆரம்பித்தன. எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. அவர் எறும்புகளைப் பார்த்தபடி, "சாகலையே?" என்று கேட்டார். "சாகல பாய்" என்றேன்.

அன்று டண்டீ நர்ஸ் கூப்பிட்டு, பிஸ்கட் எந்த ஊருடையது என்று கேட்டாள். இன்னும் சிலர் அன்பாகப் பேசினார்கள். ஒரு அழைப்பை மட்டும் டெப்ரா தடுக்குமுன் அவரே எடுத்துவிட்டார். பேசாமல் கேட்டார், வைத்தார்.  கதை நம்மவர்களிடம் பரவியது. பரவும்போது அறையில் இரண்டு பேர் பயந்துபோய் உட்கார்ந்திருக்கிறோம் என்று அவர் சொன்னது எங்கோ உதிர்ந்துவிட்டது. பொடி கொட்டியும் கலங்காமல் பெயரைச் சொன்னவர் என்பது மட்டும் மிஞ்சியது. அதுதான் கூட்டத்தில் சிங்கமாகிவிட்டது.

கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது நிலோஃபர் தன் காரில் சாய்ந்து நின்றாள். உள்ளே அவளுடைய உம்மாவைச் சுற்றி ஆட்கள் நின்றார்கள். நான் பக்கத்தில் போனேன்.

"ஐ ஹேட் தட் வேர்ட், ஆன்ட்டி. ஃபியர்லெஸ்" என்றாள். பிறகு ஆங்கிலத்தில் கொட்டித் தீர்த்துவிட்டாள். அந்த நாட்களில் தானும் உம்மாவும் ஒவ்வொரு ஞாயிறும் வீட்டில் ரேடியோ முன்னால் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்ததாகவும், அவர் விசிலடித்தபடி வீட்டுக்கு வருவார் என்றும், ஒன்றுமில்லை ஒன்றுமில்லை என்றே சொல்வார் என்றும் சொன்னாள். அவருக்குப் பயமே இல்லையென்றால் தங்களைப் பற்றி ஒரு நிமிஷம்கூட நினைக்கவில்லை என்றுதானே அர்த்தம்? என்று கேட்டாள். சாவுக்கு அழாத பெண் அவள். கோபத்திலேயே இருந்திருக்கிறாள்.

வீட்டில் சொல்லாததை நான் சொல்லலாமா என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் அவள் அந்தக் கோபத்தோடு வாழ்நாள் முழுவதும் இருந்துவிடுவாளோ என்று பயமாக இருந்தது. சொன்னேன்.

பார்சல் வந்த ஞாயிறு முதல் ஜமால் பாய் நிகழ்ச்சி முடிந்ததும் என்னைக் காத்திருக்கச் சொல்வார். நிலையத்தின் பின்னால் கார் நிறுத்துமிடம். "கொஞ்சம் நில்லுங்க தங்கச்சி. நான் ஸ்டார்ட் பண்ற வரைக்கும்" என்பார். முட்டி போட்டுக் காருக்கு அடியில் பார்ப்பார். பின்சீட்டைப் பார்ப்பார். உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருகுமுன் என்னைத் தள்ளி நிற்கச் சொல்லிக் கையைக் காட்டுவார். ஒருமுறை சாவியைத் திருகாமல் ஸ்டியரிங்கில் தலையை வைத்து அப்படியே உட்கார்ந்துவிட்டார். நான் கிட்டே போய், "விட்டுடுங்களேன் பாய். யாரு உங்களை வரச் சொன்னா?" என்றேன்.

"நான் ஜேன்னு சொல்லிக்கிட்டா, நாளைக்கு நிலோஃபர் வேலைக்குப் போற இடத்துல என்னன்னு சொல்லிக்குவா? அவளுக்கும் ஒரு பேரு தேடணுமே" என்றார். பிறகு, "ரொம்ப பயமா இருக்கு தங்கச்சி. வீட்டுல சொல்லிடாதீங்க. அங்க ஒருத்தராவது பயப்படாம இருக்காருன்னு அவங்க நெனச்சுக்கட்டும்" என்றார். முகத்தைத் துடைத்துக்கொண்டார். கண்ணாடியில் பார்த்து உதட்டைக் குவித்து, வீட்டுக்குப் போகும் முன் அந்த விசிலை ஒருமுறை அடித்துப் பார்த்தார். சரியாக வரவில்லை. மறுபடி அடித்தார்.

நிலோஃபர் கேட்டுக்கொண்டே இருந்தாள். "ஸோ ஹி வாஸ் ஸ்கேர்ட்" என்றாள்.

"ரொம்பம்மா. என்னைவிட."

"குட்" என்றாள். அப்புறம் என் தோளைப் பிடித்துக்கொண்டு, அப்பா இறந்த பிறகு முதல் தடவையாக அழுதாள்.

ஆல்பங்கள் எல்லாம் அவளிடம் இருக்கின்றன. அவருடைய நேரத்தை இனி யார் நடத்துவது என்று டெப்ரா யோசித்துக்கொண்டிருக்கிறாள். நீங்கள் உங்கள் சிங்கத்தை வைத்துக்கொள்ளுங்கள், நான் மறுக்கவில்லை. எனக்கு அந்தக் கார் நிறுத்துமிடம் போதும். வீட்டில்கூடக் காட்டாத பயத்தை ஒரு பயந்தாங்கொள்ளியிடம் நம்பிக் கொடுத்து, கொஞ்சம் நில்லுங்க என்று கேட்டார். அவருடைய கார் தெருமுனை திரும்பி மறையும் வரைக்கும், ஒவ்வொரு ஞாயிறும், நான் நின்றேன்.