கை மட்டும் நுழையும் இடுக்கு

கையிலிருக்கும் வளையல்களைக் கழற்றி, வேலைக்குக் கூப்பிட்ட வீட்டுக்காரர் கையில் மாட்டிவிட்ட பிறகுதான் செலினா இடுக்குக்குள் கையை விடுவாள். ஆண், பெண் என்று பார்ப்பதில்லை. அன்றைக்கு அகப்பட்டவர் எங்கள் பக்கத்து வீட்டுப் பூமாலை. கரும்பு வெட்டிக் காய்த்த விரல்களில் சிவப்புக் கண்ணாடி வளையல்கள் பாதியில் நின்றுவிட, கையைத் தொங்கப்போடவும் முடியாமல் குளியலறை வாசலில் தூக்கிப் பிடித்தபடி நின்றார்.

"பையில வச்சா ஒடையும். ஆளு கையில மாட்டுனா ஆளும் நவுராது," என்றாள் செலினா. "பைப்பைத் தொறன்னா தொறக்க ஒரு ஆளு வேணும்ல."

கச்சிராயபாளையத்தில் குழாய் வேலைக்கு ஆள் தேடுபவர்கள் கடைசியாக வந்து சேரும் இடம் செலினா. நாற்பதைத் தாண்டியவள். ஒல்லியான உடம்பு, அதைவிட ஒல்லியான கைகள். கணவர் டென்னிஸ் டவுன் பஸ் கண்டக்டர்; அவர் கழித்துப்போட்ட தோல் பைதான் இவளுக்கு ஸ்பேனர் பை. கட்டட வேலையில் சித்தாளாகச் செங்கல் சுமந்த காலத்தில், பிளம்பரின் கை போகாத ஒரு சந்துக்குள் இவள் கை போனது. "அன்னிக்கு உள்ள போன கை இன்னும் வெளிய வரல," என்பாள். இப்போது கரியாலூர் விடுதிகளிலிருந்தும் கூப்பிடுகிறார்கள். ஸ்கூட்டரில் மலையேறிப் போய்விட்டு, திரும்பும்போது பையில் நாலு கொய்யாவாவது இல்லாமல் வரமாட்டாள்.

பூமாலை வீட்டில் இடுக்கு வந்த கதை இது. அவர் மனைவி கமலா பைக்கிலிருந்து விழுந்து இடுப்பில் ஆபரேஷன் ஆனவர். வெந்நீரில் இடுப்பளவு உட்கார்ந்தால் வலி இறங்கும் என்று டாக்டர் சொன்னதுதான் தாமதம், பூமாலை பாண்டிச்சேரிக்குப் போய் வெள்ளை வெளேரென்று ஒரு குளியல் தொட்டியை டெம்போவில் ஏற்றி வந்துவிட்டார். கொத்தனார் அதை அந்தச் சின்ன அறையில் இறுக்கிப் பதித்து, டைல்ஸும் ஒட்டி முடித்தார். குழாய் மாட்டவேண்டும் என்ற நினைவு அதன் பிறகுதான் எல்லோருக்கும் வந்தது. தொட்டிக்கும் சுவருக்கும் நடுவே கை மட்டும் நுழையும் இடைவெளி. வந்த பிளம்பர்கள் எல்லோரும் உடைக்கச் சொன்னார்கள். கமலா ஒப்பவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு போனில் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த பச்சை டைல்ஸ் அது. கடைசியில் தொட்டியில் வேர்க்கடலை மூட்டை ஏறியது. கமலா பழையபடி பக்கெட் வெந்நீரில் துணி நனைத்து ஒத்தடம் கொடுத்துக்கொண்டார்.

மூட்டைகளை இறக்கச் சொல்லிவிட்டு, செலினா தரையில் குப்புறப் படுத்து செல்போன் வெளிச்சத்தில் உள்ளே பார்த்தாள். பிறகு எழுந்து உட்கார்ந்தாள்.

"எல்லாரும் கீழ போயி மாட்டப் பாத்துக்கினு இருந்திருக்காங்க. மேலயே மாட்டி உள்ள வுட்டா இன்னா?"

குழாயை மடியில் வைத்து, வெந்நீருக்கும் தண்ணீருக்குமாக வளையும் ஹோஸ்கள் இரண்டை அதன் அடியில் முறுக்கினாள். தொட்டி விளிம்பின் துளை வழியே ஹோஸ்களை இறக்கினாள். இனி, குழாயை அடியிலிருந்து இறுக்கிப் பிடிக்கும் பித்தளை நட்டு மட்டும் பாக்கி. அதை ஹோஸ்களின் அடிவழியே கோத்து ஏற்றும்போது விரல் நழுவியது. டங்கென்று விழுந்து எங்கோ உருண்டது.

"போச்சு," என்றார் பூமாலை. "கமலா, ஒடைச்சிடலாம்மா."

கமலா பச்சை டைல்ஸ் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். அவருக்குத் துணையாக வந்திருந்த நான் அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

"இருங்கண்ணே. நட்டுக்கு வெளாட்டு காட்டணும்னு ஆசை," என்றாள் செலினா. தோள்வரை கையை உள்ளே விட்டுத் துழாவினாள். "இன்னா கண்ணு, ஒளிஞ்சிக்கினியா? வா, வா." வந்தது.

அந்த இடுக்கில் ஸ்பேனர் திரும்பாது. அவள் கமலாவின் அடுப்படிக்குப் போய், ஒரு பிவிசி குழாய்த் துண்டின் நுனியைத் தீயில் காட்டி இளக்கி, நட்டின் மேல் அழுத்தினாள். ஆறியதும் துண்டின் வாய் நட்டின் வடிவத்துக்கே படிந்திருந்தது. ஹோஸ்கள் நடுவில் வரும்படி அதைக் கீழிருந்து ஏற்றி, நட்டைக் கவ்வவைத்து, உள்ளங்கையால் உருட்டினாள். "கோணாத. மேல ஏறு. ஆங், அப்பிடித்தான்." நட்டு ஏறிப் பிடித்தது. ஹோஸ்களின் மறுமுனைகளைச் சுவரில் இருந்த பைப்புகளில் மாட்ட அதிக நேரம் ஆகவில்லை.

திறந்ததும் குழாய் முதலில் இருமியது. பிறகு மண்நிறமாக, பிறகு தெளிவாக, கடைசியில் ஆவி பறக்கக் கொட்டியது. பூமாலை வெளியே போய் நின்றுகொண்டார். நைட்டியோடு கமலா எங்கள் இருவர் தோளையும் பிடித்துக்கொண்டு இறங்கி, மெல்ல உட்கார்ந்தார். தண்ணீர் இடுப்புக்கு ஏறியது. கண்ணை மூடினார். சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்தவேயில்லை.

"இடுப்புன்னு ஒண்ணு இருக்கறதே தெரியல செலினா."

"இன்னாவாம்?" என்று வெளியிலிருந்து பூமாலை கத்தினார்.

"உங்களுக்கு எடமில்லன்றாங்க," என்றாள் செலினா. எங்கள் சிரிப்பில் தொட்டித் தண்ணீர் அலைந்தது.

கமலாவுக்கு ஒரே ஒரு சந்தேகம் மிச்சமிருந்தது. "கீழ ஒழுவாதுல்ல?"

செலினா மறுபடியும் படுத்து, இடுக்குக்குள் கையை விட்டு, நட்டைச் சுற்றிலும் விரலால் தடவினாள். வெளியே எடுத்த, பொட்டு ஈரமில்லாத விரலைத் தொட்டிக்கு மேலாக நீட்டி, கமலாவின் கன்னத்தில் வைத்தாள்.