செக்குக்கார மாமா

எங்கள் அக்காவின் கணவர், எங்கள் அன்பு மாமா, எங்களைப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இந்நினைவு மலரைக் கையில் வாங்கும் உற்றார் எல்லோரும் அவரைப் புகழ்வீர்கள். எனக்கோ அவர்மேல் பொறாமை. இன்றும்தான்.

மாமா பிறந்தது ஐரோப்பாவில், செக் நாட்டு மலையோர ஊரொன்றில். தந்தையார் செருப்புத் தைப்பவர். ஆறு வயதில் கசரத்துக் கம்பியில் தொங்கி உடற்பயிற்சி பழகியவர், வாலிபத்தில் அந்த வித்தையில் தம் நாட்டிலேயே முதலிடம் பிடித்துப் பதக்கம் பெற்றார். பெரிய யுத்தத்தில் இரு தம்பிகளை இழந்தார். பிறகு கப்பலில் இயந்திரம் பார்க்க வந்தவரைக் காய்ச்சலோடு சென்னைத் துறைமுகத்தில் இறக்கிவிட்டார்கள். ராயபுரத்தில் எங்கள் அடுத்த வீட்டில் தங்கி, அக்கா கொடுத்த கஞ்சியில் தேறினார்.

"நீங்கோ இன்னா ஆளுங்கோ?" என்று நைனா, எங்கள் அப்பா, கேட்டார்.

"செக்."

"செக்கா? எண்ண ஆட்றவங்களா?"

அப்போது தமிழ் அரைகுறையாகவே அறிந்த மாமா தலையாட்டிவிட்டார். அன்று முதல் தெருவுக்கே அவர் செக்குக்காரர்.

அதுவரை எங்கள் கசரத்துச் சாலையில் நான்தான் முதல் ஆள். மாமா வந்து ஒருமுறை கம்பியைச் சுற்றினார். அதன்பின் என்னைச் சீந்துவாரில்லை. காசிமேட்டு மீன்காரம்மாள்கூடக் கூடையை இறக்கிவைத்து அவரையே பார்த்தாள். "கத்துக்கோடா" என்று நைனா என் தலையில் தட்டினார். அக்காவும் அவரை மணந்துகொண்டாள். எனக்கு வயிறெரிந்தது.

திருவொற்றியூர்த் திருவிழாவில் மாமா உயரக் கம்பியில் வித்தை காட்டினார். தவறினால் தாங்கிப் பிடிக்கக் கீழே நான் நின்றேன். கம்பியை விட்டுச் சுழன்று மறுபடி பற்றும்போது அவர் விரல் நழுவியது. நான் ஓரடி விலகினேன். பயத்தால் அல்ல. விழும்போது அவர் என் கால்களைப் பார்த்தார். தோளெலும்பு முறிந்தது. பிறகு அவர் கம்பியைத் தொடவேயில்லை.

"தம்பி கீழதானே நின்னுகினு இருந்தான்?" என்று அக்கா அழுதாள்.

"செக்குக்காரன் கையில எண்ண கீது, வழுக்கிச்சி. மச்சான் இன்னா பண்ணுவான்?" என்றார் மாமா. வலியோடு சிரித்தார். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள்.

அந்தத் தோளோடுதான் பட்டறையில் ஃபிட்டர் வேலை பார்த்து இரண்டு பெண்களை ஆளாக்கினார். நெஞ்சுச் சளியில் படுத்த கடைசி வாரத்திலும் நான் விலகியதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பெருந்தன்மையிலும் அவரே முதல். அவரை வழியனுப்ப வந்த கூட்டத்தைக் கண்டும் நான் பொறாமைப்பட்டேன்.

வைத்தியம் பார்த்தவர்களுக்கும், தோள் கொடுத்துத் தூக்கிச் சென்றவர்களுக்கும், அடுப்பு மூட்டாத நாட்களில் சோறு அனுப்பிய தெருவாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

அக்கா, உனக்கு மட்டும் ஒன்று. அன்று மாமாவின் கையில் எண்ணெய் இல்லை.