கண்டதா, கேட்டதா

என் வீட்டுக்காரர் வேதத்துல சேர்ந்து, கிறிஸ்தவராகி, கிருஷ்ணகிரிக்குப் போனப்போ என்னையும் கூப்பிட்டார். நான் போகலை. மகளைக் கையில பிடிச்சுக்கிட்டு தேன்கனிக்கோட்டைப் பக்கம் அண்ணன் வீட்டுக்கு வந்துட்டேன். ஓசிச் சோறு தின்னலை. ராகிக் கொல்லையில ஆம்பளைக்குச் சமமா வேலை செஞ்சேன். எழுத்து எனக்குக் கூட்டிக் கூட்டித்தான் வரும். இதையும் அப்படித்தான் எழுதறேன்.

பள்ளிக்கூட லீவு விட்டா அவரே பஸ்ஸுல வந்து மகளைக் கூட்டிட்டுப் போவார், அவரே கொண்டாந்து விடுவார். ஒவ்வொரு தடவையும் பஸ் கிளம்பினதும் பயம் வந்துடும். திருப்பி அனுப்பலைன்னா? அவர் சம்பாதிக்கிற ஆம்பளை, அவருக்காகப் பேச நாலு பேர் வருவாங்க. எனக்கு யார் வருவா?

ஒரு தடவை போயிட்டு வந்தவ சோறே தின்னலை. மெதுவாக் கேட்டதும் அழுதா. மாரியம்மனைக் கும்பிடறவங்க நரகத்துல எரிவாங்கன்னு அங்க சொன்னாங்களாம். "நீ எரிவியாம்மா?"ன்னு கேட்டா. இந்தப் பக்கம் என் அண்ணி, வேதக்காரங்க வீட்டுல தின்ன பிள்ளைக்கு மாரியாத்தா அம்மை முத்து வாரிப் போட்டுடுவான்னு சொல்லி வெச்சிருந்தா. அந்த வருஷம் பக்கத்து ஊர்ல வைசூரி வேற. பிள்ளை காலையில எழுந்ததும் கையைக் காலைத் தடவிக் கொப்புளம் தேடுவா.

அப்பாவைத் திட்டினா பிள்ளை ரெண்டாக் கிழிஞ்சிடும். எனக்குத் தெரிஞ்சதோ கொல்லைக் காவல் ஒண்ணுதான். ராகி முத்தறப்போ காட்டுலருந்து யானை இறங்கும். பக்கத்துக் கொல்லைக் கன்னடக்காரர் "ஆனெ"ன்னு கத்தினா, உடனே பந்தத்தைத் தூக்கிட்டு ஓட மாட்டோம். பரண் மேலருந்து "கண்டதா, கேட்டதா?"ன்னு குரல் கொடுப்போம். கண்டதுன்னா ஓடணும். கேட்டதுன்னா அது காத்தாவும் இருக்கலாம், பன்னியாவும் இருக்கலாம், யானையாவும் இருக்கலாம். பதறாம உக்காந்து கவனிக்கணும்.

யார் என்ன சொல்லிப் பயமுறுத்தினாலும் மரியாதையா இதைக் கேளுன்னு மகளுக்குச் சொன்னேன்.

மொதல்ல அண்ணிகிட்ட கேட்டு, தொடையில கிள்ளு வாங்கினா. அடுத்த லீவுக்கு அவ கிருஷ்ணகிரி போன பிறகுதான் எனக்கு உறைச்சது: அங்கயும் கேப்பாளே.

வர்றதாச் சொன்ன நாள்ல பஸ் வந்துச்சு, அவங்க வரலை. மறுநாளும் வரலை. அதுக்கப்புறம் வந்தப்போ ரெண்டு பேர் கையும் வெறுங்கை. மகளோட துணிப்பையைக் காணோம். திரும்பக் கூட்டிட்டுப் போகத்தான் வந்திருக்கார்னு புரிஞ்சுது.

வாசல்ல நின்னே சொன்னார். "வேதக்கோயில்ல எல்லார் முன்னாடியும் உபதேசியாரைக் கேட்டுட்டா, நரகம் கண்டதா கேட்டதான்னு. நீ சொல்லிக் கொடுத்ததுதானே? இனி அங்கயே படிக்கட்டும். எங்க சாமிக்கு மட்டும்தான் இந்தக் கேள்வியா, உன் ஆத்தாவுக்குக் கிடையாதா?"

மகள் என்னை நிமிர்ந்து பார்த்தா. "ஆத்தா முத்து போடறது கண்டதாம்மா, கேட்டதா?"

அண்ணி கதவோரம் நிக்கறா. பக்கத்து ஊர்ல வைசூரி. கண்டதுன்னா பொய். கேட்டதுன்னா அவர் ஜெயிச்சுப் பிள்ளையைக் கூட்டிட்டுப் போயிடுவார், ஆத்தாவும் கோவிச்சுக்குவா.

"முத்து, கண்டது. ஆத்தா போட்டாங்கறது, கேட்டது"ன்னேன்.

நான் பொய் சொல்லுவேன்னு நினைச்சிருப்பார் போல. மகள் அவர் பக்கம் திரும்பினா. அவர் அவ உயரத்துக்குக் குனிஞ்சார்.

"நரகம் கேட்டதுதான் பாப்பா. ஆனா நான் நம்பறேன்."

நானும் ஆத்தாவை நம்பறேன்னேன். தண்ணி கேட்டார், கொடுத்தேன். சொம்பைத் திருப்பிக் கொடுக்கறப்போ, பையை அடுத்த பஸ்ஸுல கொடுத்து அனுப்பறேன்னார்.

மகள் சிரிச்சா. நான் சிரிக்கலை. பை வந்து என் கையில சேர்ற வரைக்கும் அதுவும் கேட்டதுதான்.