உப்பு போகாத அலுமினியம்

காலை ஏழரை மணி, மூன்று மூட்டை கல்லுப்பு, பொழிச்சலூர் மளிகைக்கடை முருகேசன்: எங்கள் தொழில் இப்படித்தான் தொடங்கும். அச்சில் உப்பை நிரப்பி, உருக்கிய அலுமினியத்தை அதன் இடுக்குகளில் அழுத்திப் புகுத்துவோம். ஆறியதும் தண்ணீரில் ஊறப்போட்டால் உப்பு கரைந்துவிடும். அது இருந்த இடமெல்லாம் ஓட்டை. ஸ்பாஞ்சு மாதிரியான அந்த உலோகத்தைத்தான் விற்கிறோம். செய்த பொருளை வாடிக்கையாளர் மேஜையில் வைத்துவிட்டு அவர் முகத்தையே பார்த்து நின்றவர்களுக்கு மீதி புரியும்.

மளிகைக்கடை யோசனை

முருகேசன் கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, உப்பு எதற்கு என்று கேட்டார். அலுமினியத்தில் ஓட்டை விழுவதற்கு என்றேன். மூட்டையை ஸ்கூட்டரில் ஏற்றியபடி சொன்னார்: "ஓட்டை வோணும்னா டிரில்லிங் மெஷின் வாங்கு சார். இன்னாத்துக்கு இந்தப் பேஜாரு?"

மேஜைமேல் பொடி

ஒரகடத்தில் ஒரு கம்ப்ரசர் கம்பெனி. காற்றின் இரைச்சலைக் குறைக்க எங்கள் ஸ்பாஞ்சு உலோகத்தை வட்ட வில்லைகளாக வாங்கியது. அதை விட்டால் எங்களுக்கு வேறு வாடிக்கையாளர் இல்லை. பட்டறையை மூட வேண்டியதுதான். இரண்டே மாதத்தில் வில்லைகளில் வெள்ளை பூத்தது. உள்ளே தங்கிய உப்பு அலுமினியத்தை அரித்திருந்தது. மேனேஜர் ஒன்றை எடுத்து மேஜையில் தட்டினார். பொடி கொட்டியது. "இன்னும் ஒரே ஒரு சான்ஸ். எனக்கு சைலன்சர் வேணும் சார், விபூதி வேணாம்."

இறங்காத மீட்டர்

தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று காட்டும் மீட்டர் ஒன்று வாங்கினோம். புது வில்லைகளை ஊறப்போட்டு, தண்ணீரை மாற்றி மாற்றிப் பார்த்தோம். ஒரு கட்டத்துக்குக் கீழே மீட்டர் இறங்க மறுத்தது. ஒரு வாரம் போனது. என் கூட்டாளி ஸ்டெல்லா வெறுத்துப்போய் மீட்டரைக் குழாயடியிலேயே நீட்டினாள். அதே எண். போர் தண்ணீர்! குடிக்கக் கேன் வாங்கும் நாங்கள், கழுவ மட்டும் போரை நம்பியிருந்தோம். ஸ்டெல்லா தலையில் கைவைத்து உட்கார்ந்தாள். "உப்பு வில்லையில இல்லண்ணா, ஊர்லயே இருக்கு."

டிரம்

அந்த வாரமே மழை பிடித்தது. முடிச்சூர்க்காரர்கள் வெள்ளத்துக்குப் பயந்து வண்டிகளை மேட்டுக்கு ஏற்றிக்கொண்டிருக்க, நாங்கள் மொட்டைமாடி மழைநீர் இறங்கும் குழாயடியில் டிரம்களை வைத்தோம். வில்லைகள் மழைநீரில் நாலு முறை ஊறியதும் மீட்டர் அடிமட்டத்துக்கு இறங்கியது. ஸ்டெல்லா நனைந்துகொண்டே சிரித்தாள். பக்கத்து வீட்டு மேரி டீச்சர் ஜன்னலைத் திறந்தார். "ஊரே தண்ணிய வெளியே தள்ளுது, நீங்க பிடிச்சு வைக்கிறீங்க. உடம்பு நல்லாதானே இருக்கு தம்பி?"

உப்பை வைத்துப் பிழைப்பவன் முதலில் தன் வீட்டுக் குழாயைச் சந்தேகப்பட வேண்டும். மழை முடிந்து, தை இரண்டாம் திங்களன்று மேனேஜர் இரண்டு மாதம் ஓடிய புது வில்லையை மேஜையில் தட்டினார், ஒன்றும் கொட்டவில்லை.