அழிக்காமல் விட்ட வரி

எக்கோ அறையில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தவருக்கு ஆஸ்பத்திரி வைத்த பெயர் கழுகு. மங்கலான அறையில் உட்கார்ந்து, திரையில் துடிக்கும் இதயத்தைப் பார்த்து, ஓட்டை எங்கே, அடைப்பு எங்கே என்று புட்டுப்புட்டு வைப்பார். அதில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு வீடு முழுக்கத் தேடுவார் என்பது மனைவிக்கு மட்டும் தெரிந்த சங்கதி.

அவர் வேலையில் ஒரு சௌகரியம் இருந்தது. அறிக்கைப் படிவத்தில் எல்லா வரியும் முன்பே அடித்து வைத்திருக்கும். வால்வுகள் இயல்பு. இதயத்துக்கே ரத்தம் கொடுக்கும் நாளங்கள் சரியான இடத்தில் தொடங்குகின்றன. இப்படி. கோளாறு உள்ள வரியை மட்டும் மாற்றினால் போதும். காலையில் முப்பது பேர் காத்துக் கிடக்கும் இடத்தில் இதை யாரும் தப்பென்று சொன்னதில்லை.

ஒருநாள் மூன்று மாதப் பெண் குழந்தையோடு ஒரு தாய் வந்தாள்.

"பால் குடிக்கும்போதெல்லாம் அழறா சார். தலையெல்லாம் வேர்த்து ஊத்துது."

குழந்தை கை காலை உதறி வீறிட்டது. கிலுகிலுப்பைக்கும் மசியவில்லை. இதயம் வீங்கி, சரியாகச் சுருங்காமல் இருப்பதைப் பார்த்தார், எழுதினார். நாளம் எங்கே தொடங்குகிறது என்று பார்க்கக் குழந்தை இன்னும் கொஞ்சம் அடங்க வேண்டும். வெளியே யாரோ கதவைத் தட்டினார்கள். அந்த வரி இருந்தபடியே இருந்துவிட்டது. கழுகு எழுதினால் சரியாகத்தான் இருக்கும் என்று டாக்டரும் கையெழுத்துப் போட்டார். இதயத் தசை பலவீனம் என்று மருந்து கொடுத்து அனுப்பினார்கள்.

இரண்டு மாதத்தில் குழந்தைக்கு மூச்சு முட்டியது. பெரிய ஆஸ்பத்திரியில்தான் விஷயம் வெளிவந்தது. இடது நாளம் நல்ல ரத்தம் ஓடும் பெருங்குழாயிலிருந்து கிளம்பாமல், நுரையீரலுக்குக் கெட்ட ரத்தம் போகும் குழாயிலிருந்து கிளம்பியிருந்தது. பிறந்ததிலிருந்து அந்த இதயம் பட்டினி கிடந்திருக்கிறது. பொத்தானைச் சுற்றியுள்ள துணியோடு வெட்டி வேறிடத்தில் வைத்துத் தைப்பது போல, அங்கே சர்ஜன் அந்த நாளத்தின் வாயை எடுத்துச் சரியான குழாயில் தைத்தார். அதன் பிறகும் குழந்தை பன்னிரண்டு நாள் செயற்கை மூச்சில் கிடந்தது.

இதெல்லாம் அங்கிருந்து வந்த கடிதத்தில் இருந்தது. கழுகு பழைய அறிக்கையைத் தேடி எடுத்தார். அந்த வரி அப்படியே இருந்தது. காது மடல் சுட்டது.

"படிவம் அப்படித்தானே இருக்கு, விடுங்க" என்றார் டாக்டர். அந்த ஆறுதல் அவரை இன்னும் கூனிக்குறுக வைத்தது.

அடுத்த மாதம் அந்தத் தாயே குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்றாள்.

"மறுபடி எக்கோ எடுக்கச் சொன்னாங்க சார். நான்தான் உங்ககிட்டயே எடுத்துக்கறேன்னு வந்துட்டேன். இதயம் வீங்கியிருக்குன்னு முதல்ல கண்டுபிடிச்சது நீங்கதானே. உங்க கண்ணு இல்லன்னா எம் பொண்ணு இல்ல."

வாயை மூடிக்கொண்டிருந்தால் தப்பித்துவிடலாம். நன்றியை வேறு வாங்கிக்கொள்ளலாம். நினைக்கவே கழுகுக்கு அருவருப்பாக இருந்தது.

"இல்லம்மா. நாளமெல்லாம் சரியா இருக்குன்னு அந்தப் பேப்பர்ல இருந்துச்சு. நான் அதைப் பாக்கவே இல்ல. பாக்காமலே விட்டுட்டேன்."

அவள் சிரிப்பு உடனே போகவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போனது. அதை அவர் முழுக்கப் பார்க்க வேண்டியிருந்தது.

"அப்ப அந்த ரெண்டு மாசம்?"

"அன்னிக்கே பாத்திருந்தா அப்பவே ஆபரேஷன் நடந்திருக்கும். தப்பு என்னுதுதான்."

கிளம்பிவிடுவாள் என்று நினைத்தார். அவள் சுவர்க் கடிகாரத்தை ஒருதரம் பார்த்துவிட்டு, குழந்தையைக் கட்டிலில் படுக்க வைத்து, சட்டையைக் கழற்றினாள்.

"பாருங்க. எனக்கும் காட்டுங்க."

நெஞ்சின் நடுவே தழும்பு ஓடியது. குழந்தை பாட்டிலில் பால் குடித்துக்கொண்டிருந்தது. நெற்றியில் ஒரு சொட்டு வேர்வை இல்லை. அவர் பசை தடவிய கருவியைத் தழும்பு ஓரமாக வைத்து மெல்லத் திருப்பினார். பெருங்குழாயிலிருந்து மெல்லிய கோடு ஒன்று கிளம்பியது.

"இதோ, இங்கதான் தொடங்குது. நல்லா இருக்கு."

படிவத்தில் அந்த வரியை அழித்துவிட்டு, அதையே மறுபடி தன் கையால் ஒவ்வொரு எழுத்தாக அடித்தார்.

அவர் நீட்டிய துண்டை அவள் வாங்கவில்லை. தன் துணியாலேயே குழந்தையின் நெஞ்சைத் துடைத்து, சட்டையை மாட்டி, பொத்தான்களைப் போட்டாள். பிறகு மறுபடி கடிகாரத்தைப் பார்த்தாள்.

"நாலு நிமிஷம்தான் ஆச்சு" என்றாள்.