எலிக்கு எரியும் விளக்கு

ஆய்வுகூடத்துக்குள் நுழையுமுன் வாசலில் உள்ள தட்டில் சாவிகளை, எங்கள் பேச்சில் திறப்புகளை, வைத்துவிட வேண்டும். எலிக் கூண்டைச் சுற்றியுள்ள செப்புச் சுருளுக்கு அருகே இரும்பு வந்தால் எங்கள் கருவிக்குப் போகும் மின்சாரம் குழம்பும். ஜெர்மனிக்கு வந்து இத்தனை காலமாகியும் அந்தத் தட்டின் முன் என் கை தயங்குகிறது. எங்கள் ஊர்ப்பக்கத்தில் வலிப்பு வந்தவரின் கையில் முதலில் வைப்பது திறப்பைத்தான்.

உள்ளே, சுண்டெலியின் மண்டையோட்டுக்குக் கீழே, அரிசிமணியிலும் சிறிய விளக்கு இருக்கிறது. கம்பியில்லை, பற்றரியில்லை, சுருளிலிருந்து மின்சாரம் காற்றுவழியே போகிறது. ஒளியை உணரும்படி மரபணுவில் முன்பே மாற்றிய மூளைக் கலங்கள் நீல வெளிச்சம் பட்டதும் விழிக்கின்றன. எலி இடப்பக்கம் திரும்புகிறது. அணைத்தால் நேரே போகிறது. புத்தூரில் வெங்காயம் நட்ட குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். அந்தச் சுருளைச் சுற்றியது என் கை. இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை.

என் அண்ணைக்குச் சிறுவயதில் போரில் ஷெல் துண்டு தலையில் பட்டது; அன்றிலிருந்து வலிப்பு. நான் பல்கலைக்கழகத்தில் படித்தபோது ஒருநாள் எங்கள் ஊர்ப்பக்கத்துத் திருநெல்வேலிச் சந்தையடியில் விழுந்துவிட்டார். "திறப்பைக் குடுங்கோ, இரும்பைக் குடுங்கோ" என்று நாலு பக்கமும் கைகள் நீண்டன. எல்லாவற்றையும் தள்ளிவிட்டு அவரைச் சரித்துப் பிடித்தேன். "கம்பசிலை படிக்கிறாவாம், பெரிய டொக்டர்" என்றாள் மரக்கறி விற்ற ஒருத்தி. இதை என்னோடு வேலை செய்யும் லேனாவிடம் சொன்னபோது, "காந்த சிகிச்சையா? முடிவுகளை எங்கே வெளியிட்டிருக்கிறார்கள்?" என்று ஆர்வமாகக் கேட்டாள்.

போன கிழமை, கூண்டறையின் கண்ணாடிக்கு வெளியே நின்றபோது அம்மா வீடியோவில் அழைத்தார்.

"பிள்ளை, உன்ரை அண்ணை வலிப்புக் குளிசை போடுறதை விட்டிட்டான். நீ அந்த எலி லைற்றோடை வருவாயெண்டு இருக்கிறான்."

அண்ணை சிரித்தபடி கைபேசியை வாங்கினார். "குளிசை போட்டா நாள் முழுக்க நித்திரை. எலிக்கு வைக்கிறியள், எனக்கு ஏலாதோ? என்ரை தலை எலியின்ரையிலும் பழுதோ?"

"உந்த வலிப்பு வருத்தத்துக்கு மனிசரிலை இன்னும் செய்யேல்லை, அண்ணை. எப்ப வருமெண்டும் எனக்குத் தெரியாது. குளிசையைப் போடுங்கோ."

சிரிப்பு அவர் முகத்திலிருந்து போனது. "என்ரை தங்கச்சி சுகப்படுத்துவாளெண்டு ஊரெல்லாம் சொல்லிப்போட்டன்."

"அவளுக்கு ஏலாதாம் எண்டு சொல்லுங்கோ."

ஏலாது, முடியாது என்ற சொல் என் வாயிலிருந்து வந்தது இதுவே முதல் தடவை. அம்மா அவரிடம் குளிசையும் தண்ணீரும் நீட்டினார்.

கண்ணாடிக்கு அப்பால் நீலம் எரிந்து, எலி இடப்பக்கம் திரும்பியது. கைபேசியில் அண்ணை தலையை நிமிர்த்தி விழுங்கினார். ஒன்று கைக்கெட்டும் தூரத்தில், மற்றது கடல்களுக்கு அப்பால். இரண்டையும் கண்ணாடி வழியேதான் பார்த்துக்கொண்டு நின்றேன்.