அறுபது கோணம்

அப்பாவும் மகளும் சேர்ந்து கடைசியாகச் செய்த வேலை, ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரையே ஸ்கேன் எடுத்ததுதான். அவர் சட்டையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு மேசையில் படுத்தார்.

"மூச்சை இழுங்க, புடிங்க" என்றாள்.

"அடிப்பாவி, என் வசனத்தை எங்கிட்டயே பேசுறியா?"

ஸ்கேன் எடுப்பவராக அதே அறையில் முப்பத்தொரு வருடமாக அவர் சொல்லிவந்த வசனம். கூட வேலை செய்தவர்கள் அவருக்கு வைத்த பெயரே மூச்சுப்பிடியார். கறாரான ஆள். அசைந்த நோயாளியைத் திட்டுவார். கலங்கிய படத்தை டாக்டருக்கு அனுப்பமாட்டார், மறுபடி எடுப்பார்.

மகள் மென்பொருள் எழுதுகிறவள். ஆயிரம் கோணங்களில் எடுக்க வேண்டிய எக்ஸ்ரேயை அறுபதில் எடுத்து, மீதியைக் கணக்குப் போட்டு நிரப்பும் மென்பொருள். கதிர்வீச்சு குறையும். படம் கூர்மையாக வர, அதே ஆளின் பழைய முழு ஸ்கேன் இருந்தால் துணைக்கு எடுத்துக்கொள்ளும். அப்பா மூன்று வருடம் முன்பு படியில் விழுந்தபோது எடுத்தது இருந்தது.

முதலில் திரைக்கு வந்தது வெறும் அறுபது கோணப் படம், கோடுகோடாக. அப்பா வலது நுரையீரலின் மேல்பக்கம் விரல் வைத்தார்.

"இங்க என்னமோ இருக்கேம்மா."

"அது கோடுப்பா. கோணம் கம்மியானா அப்படித்தான் வரும். இப்பப் பாருங்க."

மென்பொருளை ஓட்டினாள். துடைத்துவிட்டாற்போல் சுத்தமான நுரையீரல்.

"என் கண்ணு அவுட்டு" என்று சிரித்தார். "உன் புரோகிராம் என்னைத் தூக்கிச் சாப்பிட்டுடுச்சு, போ."

அந்தப் படத்தைக் காட்டிக் கருத்தரங்கில் கைதட்டல் வாங்கினாள்.

ஏழாவது மாதம் அப்பாவுக்கு இருமலில் ரத்தம் வந்தது. பதினோராவது மாதம் அவர் இல்லை. காரியமெல்லாம் முடிந்தபின், பழைய ஸ்கேனை நீக்கிவிட்டு அன்றைய கோப்பை மறுபடி ஓட்டினாள். படம் மங்கல்தான். ஆனால் அவர் விரல் வைத்த இடத்தில் கட்டி இருந்தது. அன்று அவள் காட்டியது மூன்று வருடத்துக்கு முந்தைய நுரையீரலை.

அவருடைய பொருட்களை எடுத்துப்போகச் சொல்லி ஸ்கேன் சென்டரிலிருந்து கூப்பிட்டார்கள். ரிசப்ஷன் பெண் ஒரு பழைய முன்பதிவு நோட்டையும் நீட்டினாள்.

"முழுக்க சார் கையெழுத்துக்கா. ஞாபகத்துக்கு வச்சுக்கோங்க."

புரட்டினாள். அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்த வியாழன், காலை எட்டரை. அவர் பெயர். மார்பு, முழு ஸ்கேன். அதைக் குறுக்கே அடித்து, பக்கத்தில் எழுதியிருந்தார்: 'வேண்டாம். மகள் பார்த்துவிட்டாள்.'